கலயத்தில் எத்தனை லிட்டர் பிடிக்கும்? சுழற்சிக் கன அளவு, முதலிலிருந்து

பதனீர்க் கலயம் பார்த்திருப்பீர்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் சீசன் நேரத்தில் பனை உச்சியில் தொங்கும். உருண்டை வயிறு, சின்ன வாய், பதனீர் புளிக்காமல் இருக்க உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. இதில் எவ்வளவு பிடிக்கும் என்று மரம் ஏறுகிற அண்ணாச்சியிடம் கேட்டால் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். நமக்கு அந்தக் கை கிடையாது. அதனால் தொகையிடலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

பாளையங்கோட்டையில் மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகளும் பொறியியல் முதல் வருடப் பிள்ளைகளும் வருகிறார்கள், இரண்டு கூட்டமும் தடுக்கி விழுகிற இடம் ஒன்றுதான். சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு வந்து, எந்த இடத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் முழிப்பது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: சூத்திரத்தை மூடி வையுங்கள், முதலில் பொருளை எப்படி வெட்டுவது என்று பாருங்கள். வெட்டத் தெரிந்தால் சூத்திரத்தை நீங்களே எழுதிவிடுவீர்கள்.

இதைப் படிக்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். எக்ஸின் அடுக்கைத் தொகையிடத் தெரிய வேண்டும் (அடுக்கோடு ஒன்றைக் கூட்டி, கூட்டி வந்த எண்ணால் வகுப்பது), மேல் எல்லையைப் போட்டு வந்ததிலிருந்து கீழ் எல்லையைப் போட்டு வந்ததைக் கழிக்கத் தெரிய வேண்டும். சூத்திரங்களை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன், நோட்டில் எழுதும்போது வழக்கமான குறிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். பை என்று வருவது 3.1416, மஞ்சப்பை அல்ல.

சுழற்சி என்றால் என்ன

சேரன்மகாதேவி பக்கத்தில் காருகுறிச்சி. நாதஸ்வரத்துக்கு அருணாசலம் பெயரால் தெரிந்த ஊர், மண்பாண்டத்துக்கும் பேர் போன ஊர். அங்கே சக்கரத்தில் பானை வனைவதை ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், பாதிப் பாடம் முடிந்தது. மண் சுற்றுகிறது, வனைகிறவர் கை ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் கை மேலே போகப் போக எந்தக் கோட்டில் வளைகிறதோ, அந்தக் கோடுதான் பானையின் உருவம். கணக்கில் அதை வளைவரை என்கிறோம், சக்கரத்தின் நடுவே நிற்கிற கற்பனைக் குச்சியை அச்சு என்கிறோம். வளைவரைக்கும் அச்சுக்கும் நடுவில் கிடக்கிற பரப்பை அச்சைச் சுற்றி ஒரு முழுச் சுற்று சுற்றினால் வருவது சுழற்சித் திடப்பொருள். (அடிப்பாகத்தைப் பிறகு பலகையால் தட்டித் தட்டித்தான் உருட்டி மூடுகிறார்கள், அது சக்கரத்தின் வேலை இல்லை. கணக்குக்கு அது தெரியாது, தெரிந்தாலும் கண்டுகொள்ளாது.)

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் கடைந்து எடுப்பதும் இதேதான், அங்கே மண்ணுக்குப் பதில் மரம். பம்பரம், குத்துவிளக்குத் தண்டு, கோபுரக் கலசம், ஆதிச்சநல்லூர் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த தாழிகள், எல்லாம் இந்தக் குடும்பம். ஒரு பொருள் இந்தக் குடும்பமா என்று சந்தேகம் வந்தால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். எந்த உயரத்தில் வெட்டினாலும் அச்சை நடுவாகக் கொண்ட வட்டம் வந்தால் ஆமாம். அம்மிக்கல் இல்லை, ஆட்டுக்கல் குழவி ஏறக்குறைய ஆமாம்.

வெள்ளரிக்காய் வெட்டுவது

வெள்ளரிக்காயைப் படுக்க வைத்து வில்லை வில்லையாக நறுக்குங்கள். ஒவ்வொரு வில்லையும் ஒரு குட்டி உருளை. அதன் கன அளவு எல்லோருக்கும் தெரியும்: பை × ஆரத்தின் வர்க்கம் × தடிமன். எல்லா வில்லையையும் கூட்டினால் காய். ஆனால் வில்லையின் ஓரம் நேராக இருக்கிறது, காயின் ஓரம் வளைந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் பிழை வரும். இன்னும் மெல்லிசாக வெட்டினால் பிழை குறையும். கத்தி எவ்வளவு கூர்மையானாலும் போதாது என்கிற அளவுக்கு மெல்லிசாக வெட்டிக் கூட்டினால் பிழை காணாமல் போகும், அந்தக் கூட்டலுக்குத்தான் தொகையிடல் என்று பேர்.

காய் எக்ஸ் அச்சில் படுத்திருந்தால் வில்லையின் ஆரம் அந்த இடத்தில் வளைவரையின் உயரம், அதாவது ஒய். தடிமன் டிஎக்ஸ். ஆகவே

கன அளவு = பை × ∫ ஒய்² டிஎக்ஸ்

இதை வட்டு முறை என்பார்கள். நான் வெள்ளரிக்காய் முறை என்றுதான் சொல்வேன், பிள்ளைகள் பரீட்சைத் தாளில் அப்படி எழுதிவிடாமல் இருந்தால் சரி.

முதலில் விடை தெரிந்த ஒன்றைப் போட்டுப் பார்ப்போம், சூத்திரத்தின் மேல் நம்பிக்கை வர வேண்டும் இல்லையா. ஒய் = எக்ஸ்/2 என்ற நேர்கோடு, எக்ஸ் 0 முதல் 6 வரை. சுற்றினால் கூம்பு, உயரம் 6, அடி ஆரம் 3. ஒய்² என்பது எக்ஸ்²/4, தொகையிட்டால் எக்ஸ்³/12, 6-ஐப் போட்டால் 216/12 = 18. கன அளவு 18 பை. பத்தாம் வகுப்பு ஆளைப் போலக் கூம்பு சூத்திரத்தில் போட்டாலும் 1/3 × பை × 9 × 6 = 18 பை. சரி.

அடுத்தது ஒய் = √எக்ஸ், 0 முதல் 4 வரை. வர்க்கம் போட்டால் மூலம் போய் வெறும் எக்ஸ்தான் மிச்சம். தொகையிட்டால் எக்ஸ்²/2, 4-ஐப் போட்டால் 8. விடை 8 பை. இதைச் சுற்றி இறுக்கமாக ஓர் உருளை போட்டால் அதன் ஆரம் 2, உயரம் 4, கன அளவு 16 பை. கிண்ணம் சரியாகப் பாதி. எப்போதும் இப்படி ஓர் உருளையை வெளியே போட்டுப் பாருங்கள், உங்கள் விடை உருளையை விடப் பெரிதாக வந்தால் எங்கோ தப்பு.

இந்த இடத்தில்தான் நான் கல்லூரியில் படிக்கும்போது முழு மதிப்பெண்ணைப் பறிகொடுத்தேன். ஒய்-ஐ முதலில் தொகையிட்டு, வந்த விடையை வர்க்கப்படுத்தினேன். √எக்ஸுக்கு அப்படிச் செய்தால் 16/3 வரும், வர்க்கம் 256/9, அதாவது 28.4 பை. உருளையே 16 பைதான், அதற்குள் இருக்கிற கிண்ணம் 28 பை என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போனவன் நான். வர்க்கம் எப்போதும் தொகையிடலுக்கு உள்ளே. ஒவ்வொரு வில்லையின் பரப்பையும் முதலில் எடுத்துவிட்டுத்தான் கூட்டுகிறோம். மறந்து போனால் அலகைப் பாருங்கள்: ஒய்-ஐ மட்டும் தொகையிட்டால் வருவது பரப்பு, சதுர செ.மீ. அதை மறுபடி வர்க்கப்படுத்தினால் செ.மீ.-யின் நாலாம் அடுக்கு, அந்த அலகில் எந்தக் கடையிலும் தண்ணீர் தர மாட்டார்கள்.

இப்போது கலயம்

கலயத்தின் உள்பக்கம் 10 செ.மீ. ஆரமுள்ள கோளம் என்று வைத்துக்கொள்வோம், மேலே கொஞ்சம் வெட்டி வாய் வைத்திருக்கிறது. நடுவிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் வாய். கலயத்தைப் படுக்க வைத்து அச்சின் மேல் நிறுத்தினால், மையம் 0, அடி −10, வாய் 8. வட்டத்தின் சமன்பாடு ஒய்² = 100 − எக்ஸ்². வாயில் எக்ஸ் 8, அப்படியானால் ஒய்² = 36, வாயின் ஆரம் 6 செ.மீ. கையை விட்டுச் சுண்ணாம்பு பூச ஏற்ற வாய்.

தொகையிட்டால் 100 எக்ஸ் − எக்ஸ்³/3. மேல் எல்லை 8: 800 − 512/3. கீழ் எல்லை −10: −1000 + 1000/3. ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது குறிகளில் கவனம், இங்கே தப்பு செய்யாதவர் யாருமில்லை. 800 + 1000 = 1800, அதிலிருந்து 1512/3, அதாவது 504 போக, 1296. கன அளவு 1296 பை, ஏறக்குறைய 4071 கன செ.மீ. ஆயிரம் கன செ.மீ. ஒரு லிட்டர் என்பதால் நாலு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. காருகுறிச்சியில் இதே அளவு கலயம் ஒன்றைக் கையில் எடுத்து, “இதுல எவ்வளவு பிடிக்கும் அண்ணாச்சி?” என்று கேட்டேன். “நாலு லிட்டர் ஊத்தலாம், அதுக்கு மேல ஊத்துனா தளும்பிரும்” என்றார். எனக்கு ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது.

வாயை வெட்டாமல் முழுக் கோளமாக, −10 முதல் 10 வரை எடுத்தால் 4000/3 பை வரும், நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த 4/3 பை ஆரம்³ இதுதான். இரண்டுக்கும் வித்தியாசம் 117 கன செ.மீ. மட்டும். வாய்க்காக வெட்டியெடுத்தது ஒரு சின்ன டம்ளர் அளவு கூட இல்லை.

கோளத்தின் கன அளவு அதைச் சுற்றிய உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்று ஆர்க்கிமிடீஸ் கிறிஸ்துவுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவு தூரம் போக வேண்டாம், செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கம், 16-ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய கணித நூலில் கோளத்தை மெல்லிய வில்லைகளாக வெட்டிக் கூட்டித்தான் கன அளவைக் கண்டுபிடிக்கிறார். நியூட்டனும் லைப்னிட்சும் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னால். நம் பாடப் புத்தகத்தில் இந்தப் பத்தி இருந்திருந்தால் நான் இந்தப் பாடத்தைக் கொஞ்சம் மரியாதையோடு படித்திருப்பேன்.

உளுந்த வடை

கலயத்தில் எவ்வளவு பிடிக்கும் என்று பார்த்தோம். கலயம் செய்ய எவ்வளவு மண் வேண்டும்? இப்போது குறுக்கே வெட்டினால் வட்டம் வராது, நடுவில் ஓட்டை போட்ட வட்டம் வரும், அதாவது உளுந்த வடை. வெளி ஆரம் ஒன்று, உள் ஆரம் ஒன்று. வடையின் பரப்பு, பெரிய வட்டத்திலிருந்து சின்ன வட்டம் போக மீதி:

பை × (வெளி ஆரம்² − உள் ஆரம்²)

இங்கே ஒரு பழைய குழி இருக்கிறது. வெளி ஆரத்திலிருந்து உள் ஆரத்தைக் கழித்துவிட்டு அதை வர்க்கப்படுத்துவது. அப்படிச் செய்தால் வடையின் மாவு அகலத்தை ஆரமாகக் கொண்ட ஒரு தனி வட்டத்தின் பரப்பு வரும், அதற்கும் வடைக்கும் சம்பந்தமே இல்லை. வர்க்கம் போட்டுவிட்டுக் கழியுங்கள், கழித்துவிட்டு வர்க்கம் போடாதீர்கள்.

கலயத்தின் சுவர் 1 செ.மீ. என்று வைப்போம் (நல்ல கலயத்துக்கு இது தடிமன் அதிகம், கணக்கு சுத்தமாக வரட்டும் என்று வைக்கிறேன்). வெளி ஆரம் 11. வெளியில் ஒய்² = 121 − எக்ஸ்², உள்ளே 100 − எக்ஸ்². கழித்தால் எக்ஸ்² அடிபட்டுப் போய் 21. கொஞ்சம் நின்று பாருங்கள், இதில் எக்ஸே இல்லை. கலயத்தை எந்த உயரத்தில் குறுக்கே வெட்டினாலும் வடையின் பரப்பு 21 பைதான். வயிற்றுப் பக்கம் பெரிய வடை, மாவு மெல்லிசு. வாய்ப் பக்கம் சின்ன வடை, சுவர் சாய்வாக இருப்பதால் மாவு அகலம். ஒன்றுக்கொன்று ஈடு கட்டிக்கொள்கின்றன. முதல் தடவை இது கண்ணில் பட்டபோது நான் கணக்கில் தப்பு விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்படியானால் −10 முதல் 8 வரை 18 செ.மீ., 18 × 21 பை = 378 பை. ஆனால் அடியில் −11 முதல் −10 வரை ஓட்டை இல்லை, அங்கே வடை இல்லாமல் வெறும் வில்லை, அதைத் தனியாகத் தொகையிட வேண்டும்: 121 − 331/3, அதாவது 10.67 பை. மொத்தம் 388.67 பை, சுமார் 1221 கன செ.மீ. மண். எல்லையைப் பிரிக்க வேண்டிய இடத்தில் பிரிக்காமல் விட்டால் இந்த அடிப்பக்கம் போய்விடும், ஓட்டைக் கலயம் ஆகிவிடும். வெட்டின் உருவம் எங்கே மாறுகிறதோ அங்கே கணக்கையும் பிரியுங்கள்.

அச்சு வேறு இடத்தில் இருந்தாலும் இதே யோசனைதான். √எக்ஸுக்குக் கீழுள்ள பரப்பை எக்ஸ் அச்சைச் சுற்றாமல் ஒய் = −1 என்ற கோட்டைச் சுற்றினால், வெளி ஆரம் √எக்ஸ் + 1, உள் ஆரம் 1. வர்க்கங்களைக் கழித்தால் எக்ஸ் + 2√எக்ஸ், 0 முதல் 4 வரை தொகையிட்டால் 8 + 32/3, விடை 56 பை/3. ஆரம் என்பது ஒய் இல்லை, அச்சிலிருந்து உள்ள தூரம். எக்ஸ் அச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் வருகிற குழப்பம் இது.

வாழை மரம்

இதுவரை கத்தி அச்சுக்குக் குறுக்கே போனது. இன்னொரு விதமாகவும் ஒரு பொருளைப் பிரிக்கலாம், தாமிரபரணிக் கரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. குலை தள்ளிய வாழையை வெட்டிப் போட்டுத் தண்டு எடுக்கிறோமே, பட்டை பட்டையாக உரித்துக்கொண்டே உள்ளே போகிறோமே, அதுதான். ஒவ்வொரு பட்டையும் மெல்லிய உருளைக் கூடு. பட்டையை உரித்துத் தரையில் விரித்தால் செவ்வகம்: அகலம் சுற்றளவு, அதாவது 2 பை × ஆரம், நீளம் உயரம், அப்புறம் பட்டையின் தடிமன். மூன்றையும் பெருக்கி எல்லாப் பட்டையையும் கூட்டினால்

கன அளவு = 2 பை × ∫ எக்ஸ் × ஒய் டிஎக்ஸ்

இது ஒய் அச்சைச் சுற்றும்போது. எக்ஸ் என்பது நடுவிலிருந்து பட்டை இருக்கிற தூரம், ஒய் பட்டையின் உயரம். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலரும் இதைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் பார்க்கிறார்கள், பார்த்ததும் ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கோபப்படுகிறார்கள்.

எதற்கு இது? தென்னைக்கு வட்டப் பாத்தி கட்டுவோம் இல்லையா, மரத்தைச் சுற்றி வட்டமாக வரப்பு. மரத்தடியில் உயரம் 0, வெளியே போகப் போக ஏறி, 2 அடி தள்ளி 1 அடி உயரம், பிறகு இறங்கி 4 அடி தூரத்தில் மறுபடி 0. இதற்கு ஒய் = எக்ஸ் − எக்ஸ்²/4 பொருந்தும், போட்டுப் பாருங்கள். இந்த வரப்புக்கு எவ்வளவு மண் அடிக்க வேண்டும்?

வடை முறையில் போனால் ஒவ்வொரு உயரத்திலும் உள் ஆரம் என்ன, வெளி ஆரம் என்ன என்று இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும், முடியாதது இல்லை, எரிச்சல். வாழைப் பட்டை முறையில் எக்ஸ் × ஒய் = எக்ஸ்² − எக்ஸ்³/4. தொகையிட்டால் எக்ஸ்³/3 − எக்ஸ்⁴/16. 4-ஐப் போட்டால் 64/3 − 16 = 16/3. 2 பையால் பெருக்கினால் 32 பை/3, சுமார் 33.5 கன அடி. நம் ஊரில் மண், மணல் எல்லாம் யூனிட் கணக்கில் வருகிறது, ஒரு யூனிட் 100 கன அடி. ஆக ஒரு யூனிட் மண் அடித்தால் மூன்று தென்னைக்கு வரப்பு, மூன்றாவது மரத்துக்கு அரைக் கன அடி குறையும், அதை மண்வெட்டியால் பக்கத்திலிருந்து இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

விடை சரியா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி, நாலாம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவில் இருந்த பாப்பஸ் சொன்னது. சுற்றுகிற பரப்பையும், அந்தப் பரப்பின் மையப்புள்ளி ஒரு சுற்றில் நடக்கிற தூரத்தையும் பெருக்கினால் கன அளவு. வரப்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 8/3 சதுர அடி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் மையம் சரியாக 2 அடி தூரத்தில், நடக்கிற தூரம் 4 பை. பெருக்கினால் 32 பை/3. மையம் கண்ணுக்குத் தெரிகிற கணக்குகளில் மட்டும் இது லேசு, மற்ற இடங்களில் மையத்தைக் கண்டுபிடிக்கவே இன்னொரு தொகையிடல் வேண்டும்.

எப்போது எந்த முறை? பரப்பின் மேல் ஒரு மெல்லிய பட்டையை நிறுத்தி வரையுங்கள். அந்தப் பட்டை அச்சுக்குக் குறுக்கே இருந்தால், சுற்றும்போது வில்லையோ வடையோ வரும். அச்சுக்கு இணையாக இருந்தால் வாழைப் பட்டை வரும். இரண்டில் எதைப் போட்டால் சமன்பாட்டைத் திருப்பிப் போட வேண்டியிருக்காதோ அதை எடுங்கள், அவ்வளவுதான். நேரம் இருந்தால் இரண்டையும் செய்து ஒத்துப் பாருங்கள்: √எக்ஸுக்குக் கீழே 0 முதல் 4 வரை உள்ள அதே பரப்பை ஒய் அச்சைச் சுற்றினால் வாழைப் பட்டையிலும் 128 பை/5, வடையிலும் (வெளி ஆரம் 4, உள் ஆரம் ஒய்², ஒய் 0 முதல் 2 வரை) 128 பை/5. எக்ஸ் அச்சைச் சுற்றியபோது இதே பரப்பு 8 பைதான் கொடுத்தது. பரப்பு ஒன்றானாலும் அச்சு மாறினால் பொருளே வேறு, கேள்வியில் எந்த அச்சு என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சமன்பாடு இல்லாத குடம்

வீட்டுக் குடத்தின் மேல் யாரும் சமன்பாடு எழுதி ஒட்டி விற்பதில்லை. 1613-இல் கெப்ளர், கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த அதே கெப்ளர், இரண்டாம் கல்யாணத்துக்கு ஒயின் வாங்கினார். வியாபாரி பீப்பாயின் நடு ஓட்டை வழியாக ஒரு கோலைச் சாய்வாக விட்டு, நனைந்த நீளத்தைப் பார்த்து விலை சொன்னான். பீப்பாய் நெட்டையாக இருந்தாலும் குட்டையாக இருந்தாலும் அதே கோல், அதே கணக்கு. மாப்பிள்ளைக்கு இது பொறுக்கவில்லை, உட்கார்ந்து யோசித்து 1615-இல் பீப்பாய்களின் கன அளவைப் பற்றி ஒரு புத்தகமே போட்டுவிட்டார். அவர் பெயரில் வழங்குகிற பீப்பாய் விதி இது:

கன அளவு = உயரம்/6 × (அடிப் பரப்பு + 4 × நடுப் பரப்பு + மேல் பரப்பு)

நம் கலயத்தில் போட்டுப் பார்ப்போம். உயரம் 18. அடிப் பரப்பு 0. நடு என்பது −1, அங்கே 99 பை. வாய் 36 பை. 18/6 × (0 + 396 பை + 36 பை) = 3 × 432 பை = 1296 பை. தொகையிடலில் வந்த அதே எண், ஒரு பொட்டு வித்தியாசமில்லை. கோளத்தின் வெட்டுப் பரப்பு எக்ஸின் வர்க்கத்தைத் தாண்டாததால் இங்கே துல்லியமாக வருகிறது, மற்ற உருவங்களுக்கு ஏறக்குறைய வரும்.

வெட்டாமல் பரப்பை அளக்க ஒரு நூல் போதும். குடத்தைச் சுற்றி நூலைப் பிடித்துச் சுற்றளவு எடுங்கள், அதை வர்க்கப்படுத்தி 12.57-ஆல் வகுத்தால் (அது 4 பை) பரப்பு. ஒரே ஒரு கவனம்: கழுத்தில் குடம் உள்ளே வாங்கி மறுபடி விரிகிறது, அடி முதல் வாய் வரை ஒரே மூச்சில் மூன்று அளவு எடுத்தால் விதி ஏமாந்துவிடும். வயிறு தனி, கழுத்து தனி.

எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தை அளந்தேன். வயிற்றின் உயரம் 24 செ.மீ., அடியில் சுற்றளவு 44, நடுவில் 88, தோளில் 44. பரப்புகள் 154, 616, 154, ஆக 24/6 × (154 + 2464 + 154) = 11,088 கன செ.மீ. கழுத்து 6 செ.மீ. உயரம், சுற்றளவு கீழே 44, நடுவில் 36, வாயில் 50, பரப்புகள் 154, 103, 199, ஆக 154 + 412 + 199 = 765. மொத்தம் 11.85 லிட்டர். அப்புறம் லிட்டர் பாட்டிலால் முற்றத்தில் வைத்து ஊற்றினேன், பதினொன்றரை லிட்டரிலேயே வாய்க்கு வந்துவிட்டது. காரணம் தேடினால் இரண்டு: நூல் வெளியே சுற்றியது, தண்ணீர் உள்ளே இருக்கிறது, தகட்டின் தடிமனைக் கழிக்கவில்லை. இரண்டாவது, அடியில் நல்ல ஒரு சொட்டை, எந்தக் கல்யாணத்தில் விழுந்ததோ. சொட்டை விழுந்த இடத்தில் குறுக்கே வெட்டினால் வட்டம் வராது என்பதால் அந்தக் குடம் கணக்குப்படி நம் குடும்பத்திலிருந்தே விலகிவிட்டது.

நூலும் பாட்டிலும் காகிதமுமாக அரை மணி நேரம் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள், “என்ன ஐயா பண்ணுத?” சொன்னேன். “என்கிட்ட கேட்டிருந்தா சொல்லிருப்பேம்லா. பன்னெண்டு லிட்டர் கொடம்னுதான கடையில குடுத்தான்.”